திருப்பக் கூடாத முட்டை

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. கோழிப்பண்ணையின் குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் முட்டை திருப்பியவர். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடுமாம். அந்த வேலைக்கு இயந்திரம் வந்ததும் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதம், தட்டில் கிடந்த எலுமிச்சம்பழத்தைக்கூடத் திருப்பாமல் விட்டுவைக்கவில்லை.

பிறகு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பல்லி அறைக்கு ஆள் கேட்டார்கள். பல்லிக்கு வேலைக்காரனா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ சேர்ந்த நாளிலிருந்து அதே பேச்சு. சுண்டுவிரல் நீளச் சாம்பல் பல்லி. ஒரே குன்றில்தான் இருந்தது, அந்தக் குன்றையும் கல்லாக உடைத்து விற்றுவிட்டார்கள். கண்ணிமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். பாதத்தில் பசை இல்லை. கண்ணுக்கே தெரியாத மயிர்கள்தான் கண்ணாடியில் நிற்க வைக்கின்றன. எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். அப்போதுதான் உருப்படியான இனம் என்று எனக்குப் பட்டது.

மிஞ்சியிருந்த ஒரே பல்லி, இரண்டு முட்டையிட்டுவிட்டு நான்காம் நாள் செத்தது. தெரிந்தவரை, இனத்துக்கு மிச்சம் அந்த இரண்டு முட்டைதான். அறைக்குப் பொறுப்பு ஒரு டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பல்லி படித்த டாக்டர். முட்டைகளின் மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, "அண்ணா, இது கோழி முட்டை இல்ல. திருப்பினா உள்ள இருக்கிறது செத்துரும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

முப்பதாம் நாள் காலை இவர் ஈரம் பார்க்க முட்டைப் பெட்டியைத் திறந்தார். மூடப்போகும்போது கவனித்தால், ஒரு முட்டையில் புள்ளியைக் காணோம். கை தன் வேலையைப் பார்த்துவிட்டிருந்தது.

சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பென்சில் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"மேல இன்னொரு புள்ளி வச்சிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?"

"டாக்டரம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"ரொம்ப நல்லது! என்ன சொன்னாங்க?"

"இனி தொடாதீங்கன்னாங்க."

அடுத்த ஒரு மாதம் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே அந்த அறையில் வேலை பார்த்தார்.

அறுபத்தோராம் நாள் ஒரு முட்டை பொரிந்தது. இன்னொரு வாரம் பார்த்துவிட்டு, மற்றதை டாக்டரம்மா வெட்டிப் பார்த்தார். "உங்களாலதான்னு சொல்ல முடியாதுண்ணா, தானாவும் கெடும்" என்றாராம்.

அன்று மாலை வந்தவர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பிழைத்த குஞ்சு ஒன்றே போதும், அதற்குத் துணை வேண்டாம், இனம் அழியாது என்று அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார்.

"பண்ணையில பொரியாத முட்டையை வாளி வாளியாக் குழியில கொட்டியிருக்கேன்," என்றார். "ஒண்ணைக்கூட உடைச்சுப் பார்த்ததில்ல. இதுக்கு அஞ்சு விரலும் வந்திருந்துச்சு."

நன்றாகத் திட்ட வேண்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். கடவுளே, ஒரு பல்லிக்குப் போய் அழுதேன்.