சகாயநாதனின் விரலும் இரண்டு கம்ப்ரஸர் பெட்டிகளும்

பூதலூர் வட்டாரத்தில் மைக்செட் என்றால் சகாயநாதன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மூங்கில் கம்பத்தில் குழாய் கட்டிப் பிழைத்தவர், தொண்ணூற்றெட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரும் எட்டு ஸ்பீக்கர் பாக்ஸும் சொந்தமாக வைத்திருந்தார். யார் கைதூக்கி விட்டும் வரவில்லை. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்வார்.

அவர் பெருமையெல்லாம் வலது கை ஆள்காட்டி விரலில் இருந்தது. கச்சேரிகளில் கிதார் வாசிக்கும் டேவிட்சனுக்கு நல்ல கை, ஆனால் சமமில்லாத கை. ஒரு கம்பியை இடிப்பான், அடுத்ததைத் தடவுவான். இடித்த மறுகணம் சகாயநாதன் விரல் மிக்சரில் கிதாரின் சத்தத் திருகைக் குறைத்திருக்கும், தடவினால் ஏற்றியிருக்கும். பத்து வருஷமாக ஊருக்கு இது தெரியாது. டேவிட்சனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தோஹாவில் ஓட்டல் பேண்டில் வேலை கிடைத்தது. இரண்டு மாசம் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துபாயிலிருந்து அவன் மச்சான் இரண்டு பெட்டிகளை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அவரிடமே திருப்பித் தரவேண்டும். இரண்டையும் டேவிட்சன் சகாயநாதனிடம் கொண்டுவந்தான்.

"என்னடா இது, சோப்பு டப்பா மாதிரி?"

"கம்ப்ரஸர் பெடல்ணே. காலால மிதிச்சுட்டா, பலமா அடிச்சதை அமுக்கும், மெதுவா அடிச்சதைத் தூக்கும்."

"அப்ப நான் எதுக்கு?"

"அங்க உங்க விரல் இல்லையேண்ணே. எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

சகாயநாதன் காதை மட்டும் நம்பி எதையும் எடுத்ததில்லை. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி மல்லாக்கப் போட்டு, அதன் காகிதக் கூம்பில் ஒரு பிடி குறுவை நெல்லைப் போட்டார். அவரே கண்டுபிடித்த வித்தை. சத்தம் எவ்வளவோ, நெல் அவ்வளவு எழும்பும்.

முதலில் பெட்டியில்லாமல் அடிக்கச் சொன்னார். ஓர் அடிக்கு நெல் தரையெல்லாம் சிதறியது. அடுத்ததற்குப் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"பாத்தியா உன் லட்சணத்தை."

நீலப் பெட்டியை மாட்டினான். எப்படி அடித்தாலும் நெல் இரண்டு விரற்கடை, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சகாயநாதன் குனிந்தார். திருகை யாரும் தொடவில்லை.

"ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்ல. நீ கோவமா அடிச்சதும் கொஞ்சலா அடிச்சதும் ஒரே மாதிரி கேக்குது."

அடுத்தது சாம்பல் நிறப் பெட்டி. அடித்ததும் நெல் ஒரு சாண் துள்ளி, உடனே இரண்டு விரற்கடைக்கு இறங்கியது. இறங்கி, அங்கேயே நின்று ஆடியது. டேவிட்சன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். கம்பியை விட்டு எவ்வளவோ நேரமாகியும், மடை திறந்த வயலில் தண்ணீர் மட்டமாக நிற்பதுபோல அந்த நாதம் நின்றது.

சகாயநாதன் மண்டியிட்டுவிட்டார். "இன்னொரு தரம் அடி." ஏழெட்டுத் தரம் சொன்னார். பிறகு தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"எவனோ இதைப் பாத்துட்டுப் போய்த்தான் பண்ணியிருக்கான்." வழக்கமான சத்தம் அந்தக் குரலில் இல்லை.

"அப்ப இதாண்ணே?"

"இதான். உன் கோவத்தை வெளிய விட்டுட்டு அப்புறம் அமுக்குது. நானும் அப்படித்தான் விடுவேன். தைரியமாப் போ. திருப்பி அனுப்ப மாட்டான்."

மறுநாள் சாயங்காலம் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. மிக்சரில் உதவியாள் கிளமென்ட்டை உட்காரவைத்தார்.

"கிதார் திருகை யாருண்ணே பாக்குறது?"

"அதை யாரும் தொடக் கூடாது."

சொல்லிவிட்டு முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பத்து வருஷமாக அந்தக் கிதாருக்குக் காவல் இருந்தாரே தவிர, ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. டேவிட்சன் ஒரு சுரத்தை அடித்து நீட்டினான்; அது அசையாமல் நின்றது. சகாயநாதனின் விரல் மட்டும் முழங்காலின் மேல், இல்லாத திருகைத் திருகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்து, கேட்க ஆரம்பித்தது.