ஒளித்துவைத்த உருளைக்கிழங்கு

ஒருவருக்குச் சிரமம் தரக்கூடாது என்று நாம் எடுக்கும் முடிவே அவரை வெளியே நிறுத்திவிடுமா? இந்தக் கேள்வி என்முன் வந்து நின்றபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன்.

அரையாண்டு விடுமுறையின் முதல் நாளில், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் கூட்டிப்போக என் மாமா ஒப்புக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. ஆளுக்கொன்று கொண்டுவரட்டும் என்றார் மாமா. நான் மறுத்தேன். சோழபுரத்திலிருந்து வரும் செல்வி, டிபன் பாக்ஸின் மூடியை முழுதாகத் திறக்காமலே சாப்பிடுகிறவள். அவள் அம்மா தோட்டவேலைக்குக் கூலிக்குப் போகிறவர். ஆகவே எல்லோருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும்; யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். இதை அறிவித்தபோது, சமத்துவத்தை ஒரே மூச்சில் நிலைநாட்டிவிட்ட நிறைவு எனக்கு.

கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: "நாளைக்கு நான் வரலட்டி."

ஒரு வாரமாகச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஏன் என்று கேட்டேன்.

"வெறுங்கைய வீசிட்டுப் போயி அடுத்தவுக சோத்துக்கு உக்காருவியான்னு அம்மா கேக்கா. அனுப்ப மாட்டாளாம்."

அந்த ஏற்பாடே அவளுக்காகத்தான் என்று விளக்கினேன். அவள் முகம் இன்னும் சுருங்கியது. பிறகு அவளே வழி சொன்னாள்.

"தொட்டுக்கிட ஒண்ணுமில்லன்னு எங்கம்மாட்ட வந்து சொல்லு. பொறவு விடுவா."

"கிழங்கு வாங்கியாச்சே. பொய்யில்ல சொல்லச் சொல்லுத?"

"அப்ப அம்புட்டுக் கிழங்கையும் நீயே தின்னு."

சாயங்காலம் சோழபுரம் போனேன். அவள் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடி பொய்யைச் சொன்னேன்.

"எம்புட்டுப் பேரு?"

"மாமாவோட எட்டு."

"எட்டுப் பேரும் வெறுஞ்சோத்தையா திங்கப் போறீக? ஒங்க வீட்டுல பெரியவுக ஒருத்தரும் இல்லியா?" என்றபடி தட்டாம்பயறை அளந்து ஊறப்போட்டார். பிள்ளைகள் காரம் தாங்குவார்களா என்று மட்டும் விசாரித்தார். செல்வியை அனுப்புவதா என்ற பேச்சே மறுபடி எழவில்லை.

சொன்ன பொய்யை உண்மையாக்கும் கடமை எனக்கு மிச்சமிருந்தது. கிழங்குப் பையை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். விடியற்காலையில் அம்மா தேடிக் களைத்து, மாமா வாங்கி வரவே இல்லை என்று முடிவுகட்டினார். வாங்கினேன் என்று மாமா சத்தியம் செய்தார். நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை செல்வி பயறு நிறைந்த தூக்குவாளியைத் தன் ஹேண்டில்பாரிலிருந்து இறக்கவே இல்லை. குளத்தங்கரையில் மூடியை முழுதாகத் திறந்து, எல்லோருக்கும் அவளே பரிமாறினாள். வாளி காலியானது, என் எலுமிச்சைச் சாதம்தான் மிஞ்சியது.

"ஏட்டி, அடுத்த தடவ பெரிய வாளியாக் கொண்டா" என்றார் மாமா.

"கொண்டாரேன். நீங்க கிழங்க மறக்காம வாங்குங்க" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய பாவசங்கீர்த்தனத்தில், பாதிரியாரிடம் பொய் சொன்னதையும் கிழங்கை ஒளித்ததையும் ஒழுங்காகச் சொன்னேன். யாரையும் கேட்காமல் எல்லோருக்குமாக நானே தீர்மானித்ததைச் சொல்லவில்லை. அதுவும் சொல்ல வேண்டியதுதான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மம்சாபுரத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகளைச் சைக்கிளில் அழைத்துப்போகிறேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போய், என்ன கொடுத்தனுப்ப விருப்பம் என்று கேட்டுவிடுகிறேன்.