அரிப்பு நின்ற ஏழு வாரங்கள்

என் மகள் ரஹிமாவின் நகங்கள் பளபளத்ததைப் பார்த்து, சாயம் பூசி வரக்கூடாது என்று பள்ளி ஆசிரியை கண்டித்தார். அது சாயமில்லை. இராப்பகலாகச் சொறிந்து சொறிந்து நகம் அப்படி ஆகியிருந்தது. அவளுக்கு எட்டு வயது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் மருத்துவர் சிரங்கு என்று களிம்பு கொடுத்தார். வீட்டில் எல்லோரும் பூசிக்கொண்டோம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிப்பது என் வேலை. அந்தத் துணியை அவள் விரல்களில் சுற்றிவிட்டேன். பல்லால் அவிழ்த்துவிட்டுச் சொறிந்தாள்.

கண் மஞ்சளான பிறகுதான் கோளாறு தோலில் இல்லை, கல்லீரலில் என்று தெரிந்தது. கொலஸ்டாசிஸ் (பித்தநீர் வடியாமல் தேங்குதல்). பித்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்து உடம்பெங்கும் அரிக்குமாம்.

மாத்திரைகளுக்கு அடங்கவில்லை. மதுரையில் அல்புமின் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு புரதக் கரைசலின் உதவியால் பித்த அமிலத்தைப் பிரித்துவிட்டு, உடம்புக்கே திருப்பி அனுப்புவது) செய்யலாம் என்றார்கள். டயாலிசிஸ் என்றதும் நான் மகளைக் கூட்டிக்கொண்டு அறைக்கு வெளியே வந்துவிட்டேன். மருத்துவரிடம் தனியே பேசிவிட்டு வந்த என் கணவர், "ஒரு தடவ செஞ்சா போதுமாம். பொறவு அரிப்பே இருக்காதாம்" என்றார். நம்பினேன். கழுத்தில் குழாய் போடும்போது அழுத மகளிடமும் அதையே சொன்னேன். "இனிமே அரிக்கவே அரிக்காதும்மா."

ஏழு வாரம் அரிக்கவில்லை. நன்றாகத் தூங்கினாள். விரலில் துணியில்லாமல் தானே சோறு பிசைந்து தின்றாள். எட்டாவது வாரம், பஸ்ஸில் இருக்கைக் கம்பியில் குதிகாலைத் தேய்த்தாள். கொசு என்றேன். கொசு இல்லை.

"உங்க வீட்டுக்காரர்ட்ட அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார் மதுரை மருத்துவர். "இது நோயைக் குணமாக்காது. சில வாரமோ, சில மாசமோ அரிப்பு அடங்கியிருக்கும். திரும்ப வந்தா திரும்பச் செய்யணும்."

கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருப்பேன். அழுது, நாலு நாள் பட்டினி கிடந்து, ஒத்துக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமலே என் பதிலை அவர் முடிவு செய்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பிள்ளையிடம் அந்தப் பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது. மறுபடியும் செய்ய வேண்டும் என்றபோது, "நீதானம்மா சொன்ன" என்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதே சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாய்மார்களே, அரிப்பு நிற்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை நாளைக்கு என்று நீங்களே, நேரில் கேளுங்கள். பிள்ளைக்கும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது முறையும் பலன் கிடைத்தது. ரஹிமா இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. மருத்துவரிடமே, "எம்புட்டு நாளைக்கு?" என்கிறாள்.

போன வாரம் தலை பின்னிவிட்டுக்கொண்டே, அரிக்குதா என்று கேட்டேன்.

"இன்னைக்கு இல்ல" என்றாள்.