மூன்று ஏலக்காய்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு பெண்ணின் மடியையும் வாட்ச்மேன்தான் உதறிப் பார்ப்பான். 1978-இல் ஒருநாள் அன்னக்கொடியின் மடியிலிருந்து மூன்று காய்கள் உதிர்ந்தன. "களவாணி!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். அவள் கூனிக்குறுகிப் போனாள்.

மறுவருசம் சூப்பர்வைசராக வந்த ஜெயபாக்கியம் அக்கா, வேலையில் சேர்ந்த அன்று காலையிலேயே இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் வரிசையில் முதல் ஆளாக நின்று தன் மடியை உதறினாள். மூன்று காய்கள் உருண்டன. வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தான்.

"என்னய்யா, நானும் களவாணியா? காய்க்குள்ள கெடந்து சோலி பாக்குறவுக மடியில நாலு காய் விழத்தான் செய்யும். இனிமே இவுக மேல எவனும் கை வைக்கக் கூடாது!"

மறுநாள் முதல் வாசலில் ஒரு முறம் இருந்தது. பெண்கள் தாங்களே அதில் மடியை உதறிவிட்டு நிமிர்ந்து நடந்தார்கள்.

ரொம்ப நாள் கழித்துத்தான் அன்னக்கொடிக்கு உறைத்தது. சூப்பர்வைசர் மேசையோ வாசலோரம் இருந்தது. அங்கே மடியில் வந்து விழக் காய் ஏது? அதுவும் சரியாக மூன்று!

"மகராசி, எனக்காக எண்ணியில்ல முடிஞ்சிக்கிட்டு வந்திருக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.