குடிக்காதவருக்கான ஜெபம்

என் கணவருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்த கிழமையே, அவர் குடிகாரர் என்றும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கொடிகாமம் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கை எடுப்பவர். திருவிருந்தில் தருகிற திராட்சைச் சாற்றைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்குவார். ஆனால் ஈரல் என்றால் குடி. எங்கள் ஆட்களின் வைத்திய அறிவு அவ்வளவுதான்.

டொக்டர்மாரும் முதலில் வேறிடத்தில்தான் தேடினார்கள். ஊசி விட்டு எடுத்த சதையைச் சோதித்துவிட்டு, இது வழக்கமாக இரைப்பையிலோ குடலிலோ வருகிற கட்டி, அங்கிருந்துதான் ஈரலுக்குப் பரவியிருக்கும் என்றார்கள். வாய் வழியாகவும் கீழ் வழியாகவும் கமரா விட்டுப் பார்த்தார்கள். ஸ்கான் எடுத்தார்கள். எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் பெரிய டொக்டர் எங்களை இருத்தி வைத்துக் கதைத்தார்.

“அம்மா, இது ஈரலிலேயே தொடங்கினது. இப்பிடி வாறது சரியான குறைவு. நானே இப்பதான் பாக்கிறன்.”

“இவருக்கு ஏன் ஐயா வந்தது?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது. குடியாலை வாற வருத்தம் இல்லை இது. அவரின்ரை பிழை ஒண்டுமில்லை.”

அதை நான் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். மனிசி பூசி மெழுகுகிறாள் என்றார்கள்.

கட்டி பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டியிருந்ததால் வெட்டி எடுக்க முடியவில்லை. விழுங்கக் குளிசை தந்தார்கள். கொஞ்சக் காலம் சுருங்கியது. அவர் மறுபடி சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்க்கு விலை பேசினார். நானும் விசரி மாதிரி நம்பிவிட்டேன். பிறகு அது குளிசையை மதிக்காமல் வளரத் தொடங்கியது.

போன மாதம் ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. அவருடைய கட்டிலைச் சுற்றி எல்லோரும் இருக்கக் கதிரைகள் போட்டேன். அவர்களைக் கூட்டிவந்த உபதேசியார் கண்களை மூடிக்கொண்டார். “ஆண்டவரே, மதுபானத்தால் தன் சரீரத்தைக் கெடுத்துக்கொண்ட இந்தச் சகோதரனை மன்னியும். இவனைச் சுகமாக்கும்” என்று உருகி உருகி ஜெபித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிக் கத்தப்போன நேரம், எல்லோருக்கும் முந்தி என் கணவர் “ஆமென்” என்றார்.

அவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

“உங்களுக்கு என்ன விசரே? செய்யாத பாவத்துக்கு ஏன் ஆமென் சொன்னனீங்கள்?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“குடிச்சதாலை வந்தது எண்டால், மன்னிச்சால் மாறும் எண்டு நினைக்கலாமெல்லே? ஒண்டுமே செய்யாமல் வந்ததுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கெஞ்சிறது, சொல்லும்?”

நான் கதிரைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன். அவரைப் பார்க்க முடியவில்லை.

“அவையளைத் திரும்பவும் வரச் சொல்லும்” என்றார்.

அடுத்த நாள் காலை நானே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். “ஓம் ஐயா, அவர் நல்லாக் குடிச்சவர்தான். இன்னொருக்கா வந்து ஜெபியுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தேன்.