கரும்பலகையின் வலது ஓரம்

‘எல்லோரையும் தெரிந்தவரும் யாரையும் தெரியாதவரும் ஒரே கூட்டத்தில் இருக்க முடியாது.’ சேலத்துக் கல்லூரி ஒன்றின் கரும்பலகையில், வலது ஓரத்தில், குண்டு குண்டான சிறிய தமிழ் எழுத்துகளில் இந்த வரி இருந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். இன்றும் கல்யாண மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்தால் அந்த வரி என் முன்னால் வந்து நிற்கிறது. அப்போதெல்லாம் என் வலது உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

பல்கலைக்கழகம் நடத்திய கோடைக் கணித வகுப்பு அது. கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பள்ளிகள் பொறுக்கி அனுப்பிய முப்பது பேர், நான்கு வாரம். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். ரயில்வே குடியிருப்பிலிருந்து போன நான் சூரமங்கலம். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளியில் கற்ற இங்கிலீஷும், நானே வளர்த்துக்கொண்ட வாய்க்கொழுப்பும் என்னிடம் இருந்தன. முன் வரிசையில் இருந்தவள் எருமப்பட்டி. விவசாயக் குடும்பத்துப் பெண், தமிழில் படித்தவள். வாயே திறக்கமாட்டாள். கணக்கு என்று வந்தால் எங்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. நிரூபணத்தை எழுதியவர் பலகையின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து அதில் ஓட்டை காட்டலாம். பதில் சொல்ல முடியாவிட்டால், எழுதியவரே தன் கையால் அழித்துவிட்டு இடத்துக்குப் போக வேண்டும். பேராசிரியர் குறுக்கிடமாட்டார். அவர் வடக்கத்திக்காரர். காதில் விழும் தமிழ் ஓரளவு புரியும், இரண்டொரு வார்த்தை பேசவும் செய்வார், எழுத்தில் பார்த்தால் அவருக்கு அது கோலம்தான்.

கடைசி நாள் காலையில் மகளை அழைத்துப்போக எருமப்பட்டியின் அப்பா வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் எதிரிலேயே பேராசிரியரிடம் கேட்டார்.

“ஏனுங்க சார், எம்புள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் வருமுங்களா? வருமுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க, காலேசுக்கு அனுப்பிப்போடறன். இல்லீன்னா ஆவணியில கண்ணாலத்த முடிச்சுப்போடலாமுன்னு இருக்கறமுங்க.”

“இன்னிக்கு அவ கணக்கைப் பாத்துட்டு சொல்றேன்” என்றார் பேராசிரியர்.

எந்தக் கூட்டத்திலும், அதற்குள் தங்களுக்குத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவரை எனக்குத் தெரிந்தால் அவருக்கும் என்னைத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, இதைத்தான் அவள் நிரூபிக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் அந்த எண்ணிக்கை ஒன்பது விதமாகத்தான் அமையும், ஆகவே இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தாக வேண்டும் என்று தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் எழுதி முடித்திருந்தாள். நான் துள்ளி எழுந்தேன். சுழியத்தை விட்டுவிட்டாளே! சுழியம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள், பத்து ஆட்கள். ஆளுக்கொன்று வரலாமே? இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன்.

அவள் வலது ஓரத்தைக் காட்டினாள். “அது... அங்க எழுதியிருக்கறனுங்க...” அந்த ‘ங்க’வுக்கு வகுப்பு சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். பேராசிரியர் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். இங்கிலீஷ் அவளுக்கு எழுதத்தான் ஓரளவு வரும், பேச வராது. துடைப்பானை எடுத்து அழித்தாள். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு இடத்துக்குப் போனாள்.

எல்லோரும் வெளியே போன பிறகுதான் நான் அதைப் படித்தேன். மற்ற எல்லோரையும் தெரிந்த ஒருவர் இருந்தால், யாரையும் தெரியாதவர் என்று அங்கே எவரும் இருக்க முடியாது. சுழியமும் ஒன்பதும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வரவே முடியாது. என் கேள்விக்கு நான் கேட்கும் முன்பே பதில் எழுதியிருந்தாள். வராந்தாவில், “நல்ல பொண்ணு, ஆனா இது கஷ்டம்” என்று பேராசிரியர் சொல்வது காதில் விழுந்தது. பத்தடி தூரம். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளங்கையால் அந்த வரியைத் துடைத்தேன். கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எண்பதுகளில் ஒருநாள் நாமக்கல் பேருந்து நிலையத்தில் அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இடுப்பில் ஒரு குழந்தை. “சூரமங்கலம்தானுங்களே? காலேசுல கணக்கு வாத்தியாரா இருக்கறீங்களாமா? எங்க ஊட்டுக்காரரு லாரி வெச்சிருக்கறாருங்க.” சிரித்துக்கொண்டே பேசியவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு ஓரத்துல ஒண்ணு எழுதியிருந்தனே, அதப் படிச்சீங்களா?”

“படிச்சேன். சரியாத்தான் எழுதியிருந்தீங்க.”

“அன்னிக்கேவா? இல்ல, பொறகு ரோசன பண்ணிப் பாத்தீங்களா?”

“பிறகுதான்” என்றேன்.

“அதான பாத்தன். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருந்திருப்பீங்களா?” என்றாள். பேருந்து வந்துவிட்டது. “வாரேனுங்க” என்று ஏறிக்கொண்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை நம்பிவிட்டுப் போனதுதான் இன்றுவரை தூங்கவிடாமல் அடிக்கிறது. ஓய்வு பெறும்வரை வருடந்தோறும் இந்த நிரூபணத்தை நடத்தினேன். முடிவில் அந்த வரியைத் தமிழிலேயே வலது ஓரத்தில் எழுதி, அழிக்காமல் வந்துவிடுவேன். அடுத்த நாள் போனால் பலகை சுத்தமாக இருக்கும். யார் துடைத்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.