மஞ்சுக்கீரியைக் குறைத்த காரணம்

இந்த வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வந்த அப்டேட்டில், எங்கள் விளையாட்டின் மஞ்சு வகை உயிரிகளுடைய பலத்தை நான் குறைத்தேன். "காற்று வகைக்கு எதிராக மஞ்சு அளவுக்கு மீறி வெல்கிறது" என்று அதற்குக் காரணம் எழுதினேன். அது பொய். உண்மையான காரணம், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் அபி.

கேம் டிசைன் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். நல்லபடியாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் இதில்தான் வந்து நிற்கிறது. எனவே இதையே எழுதிவிடுகிறேன்.

1. முள் தண்ணீரை வென்ற கதை

தேனியில் பெரியகுளம் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். தொடங்கியவர் ஜெபராஜ். என்னைவிட வயதில் சின்னவர். போடியில் அவர் குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம். நான் புள்ளியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை மாறியதால் இங்கே குடிவந்தோம். கேம் கம்பெனியில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று புரியாமல்தான் முதல் நாள் படியேறினேன்.

"படம் வரைய ஆளு இருக்கு, புரோகிராம் எழுத பாண்டி இருக்கான். யாரு யார அடிக்கணும்னு சொல்லத்தான்க்கா இங்கன ஆளு இல்ல" என்றார் ஜெபராஜ்.

எங்கள் விளையாட்டில் ஆளுக்கு நான்கு உயிரிகளை வைத்துக்கொண்டு மோதுவார்கள். ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு வகை உண்டு. நீர், மண், தீ, முள், காற்று, மஞ்சு என்று ஆறு வகை. ஒரு வகையின் அடி சில வகைகள்மேல் இரட்டிப்பாக விழும், சிலவற்றின்மேல் பாதியாக விழும். எது எதன்மேல் எப்படி விழும் என்ற அட்டவணை என் பொறுப்பு. ஒரு வகை எப்போதும் ஜெயித்தால் எல்லாரும் அதையே எடுப்பார்கள், ஆட்டம் செத்துவிடும். ஒரு வகை எப்போதும் தோற்றால் அதை யாரும் தொடமாட்டார்கள். இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வதைத்தான் பேலன்ஸ் என்கிறோம்.

முதல் அட்டவணையைப் பெரியகுளத்தில் சில கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். அத்தனை பேரும் நீர் வகையை எடுத்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீரைத் தோற்கவிட யாருக்கும் மனசு வராது. முள் வகையிடம் நீர் தோற்றதும் ஒருவன் கோபமாக எழுந்தான்.

"முள்ளு எப்படிக்கா தண்ணிய அடிக்கும்? தண்ணி ஊத்துனாத்தான முள்ளே வளரும்?"

நான் அட்டவணையைக் காட்டி விளக்கத் தொடங்கினேன். அவன் கேட்கவே இல்லை. பாண்டி குறுக்கே வந்தான்.

"ஏலே, உங்க ஊரு கம்மாயில சீமக்கருவேலம் நிக்கிதா?"

"நிக்கிது."

"தண்ணி நிக்கிதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கேள்வி கேட்டவன், "அது வாஸ்தவந்தான்" என்று உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த விதியை யாரும் கேள்வி கேட்டதில்லை. விதி சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஊரில் கண்ணால் பார்த்ததோடு அது ஒத்துப்போக வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதையே.

2. காத்திருக்கிறவர்களுக்கான உயிரி

மலையில் காலையில் இறங்கும் பனிமூட்டம்தான் மஞ்சு. அந்த வகையில் நாங்கள் வைத்த முக்கிய உயிரி மஞ்சுக்கீரி. சாம்பல் நிறம், சின்ன உடம்பு, அடி மிகக் குறைவு. ஆனால் அது களத்துக்கு வந்த முதல் இரண்டு டர்னில் எதிராளியின் அடி பாதிக்குப் பாதி குறி தவறும். அவசரக்காரர்கள் கையில் அது உடனே செத்துப்போகும். பொறுத்திருந்து, எதிராளி தன் பெரிய அடிகளை வீணாக்கும்வரை பார்த்திருக்கிறவர்கள் கையில் ஜெயிக்கும்.

"இத யாருக்கா எடுப்பா?" என்று பாண்டி கிண்டல் செய்தான்.

"எட்டு எம்.எம். பெரிய காய மட்டும் வச்சு ஏலக்கா கடை நடத்த முடியாதுடா. ஆறு எம்.எம். சின்னக் காய கேட்டும் ஆளு வருவாக" என்றார் ஜெபராஜ்.

ஆள் வந்தார்கள். அதிகம் பேர் இல்லை, ஆனால் வந்தவர்கள் வேறு வகைக்கு மாறவில்லை. எனக்கு அந்த உயிரி பிடித்திருந்தது. நான் அமைத்ததிலேயே ஒழுங்காக அமைந்தது அதுதான்.

3. நான் பார்த்த நேரங்கள்

காலாண்டுத் தேர்வில் அபி இயற்பியலில் தோற்றாள். கணக்கில் கரையேறியிருந்தாள், அவ்வளவுதான். அன்று வீட்டில் பெரிய சண்டை. நான் போட்ட சத்தத்துக்கு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வரவில்லை. கணவருக்குப் போன் செய்தால், "விடு, அடுத்ததுல எடுத்துருவா" என்றார். எனக்கு விட முடியவில்லை. கல்லூரி, கட்-ஆஃப் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைவிட, அவள் கதவைச் சாத்தியபோது பார்த்த பார்வை என்னைப் பயமுறுத்தியது. மறுபடி அவளிடம் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம் அலுவலகத்தில் தரவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சு வகையை வைத்து மேலே இருந்த கணக்குகளில் ஒன்று என் பழைய மின்னஞ்சல் முகவரியில் தொடங்கப்பட்டிருந்தது. பள்ளி வேலைகளுக்காக நான் அபிக்குக் கொடுத்த முகவரி அது.

எங்கள் வேலையில் ஓர் ஆட்டக்காரரின் கணக்கைத் தனியாகத் திறந்து பார்க்கக் காரணம் வேண்டும். ஏமாற்றுகிறார் என்று புகார் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவரே உதவி கேட்டிருக்க வேண்டும். நான் சும்மா திறந்தேன். எந்தெந்த நேரத்தில் ஆடியிருக்கிறாள் என்று பார்த்தேன். பாதிக்கு மேல் டியூஷன் நேரம். மறுநாளும் திறந்தேன். அதற்கடுத்த நாளும் திறந்தேன். வீட்டில் அவள் டியூஷனிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன நடத்துனாக?" என்று கேட்பேன். அவள் ஏதோ சொல்வாள். இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுடைய பொய் எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியாது.

மற்ற அம்மாக்கள் போனைப் பிடுங்குவார்கள், திட்டுவார்கள், கெஞ்சுவார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அவள் ஆடுகிற உயிரியைத் தோற்கடிக்க என்னால் முடியும். தொடர்ந்து தோற்றால் சலித்துப்போய் தானாக விட்டுவிடுவாள், சண்டையும் வராது என்று கணக்குப் போட்டேன்.

ஜெபராஜ் போடிக்குப் போயிருந்த ஒரு மதியம் அட்டவணை இருக்கும் ஷீட்டைத் திறந்து, மஞ்சின்மேல் காற்று வகையின் அடியை இரட்டிப்பாக்கினேன். கீரியின் இரண்டு டர்னை ஒன்றாக்கினேன். எங்கள் விளையாட்டில் காற்று வகைக்கு நிறைய ஆட்கள் உண்டு. ஆகவே இதன் விளைவு என்னவாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பாண்டி திரையைப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா? மஞ்சு ஒழுங்காத்தான இருக்கு?" என்றான்.

"மேல இருக்கவுக மஞ்ச வச்சுத்தான ஜெயிக்கிறாக. காத்தடிச்சா மஞ்சு கலையணும்ல?"

பாண்டி கம்பத்துக்காரன். காற்றில் மஞ்சு கலைவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன். "அது சரிதான்" என்று அப்டேட்டில் சேர்த்துவிட்டான்.

4. மேடம்

புகார்கள் குவிந்தன. மஞ்சு ஆட்டக்காரர்கள் தொடர்ந்து தோற்றார்கள். ஜெபராஜ் எதையும் நேரில் பேசித் தீர்க்கிற ஆள். குறை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்துக்கு வரலாம், டீ உண்டு என்று அறிவித்துவிட்டார்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். குமுளியிலிருந்து ஷாஜி என்று ஒரு ஜீப் டிரைவர் வந்திருந்தார். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். கடைசியாக, தோழி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய என் மகள் படியேறி வந்தாள். என்னைப் பார்த்தாள். பின் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஷாஜிதான் முதலில் பேசினார். "எங்க கீரியக் கொன்னுட்டீங்களே சேச்சி! ஜீப் நெறையிற வரைக்கும் காத்துக் கெடக்குறவன் நான். எனக்குன்னு பாத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு அது."

அப்டேட்டில் எழுதியதையே நான் திரும்பச் சொன்னேன். காற்று அடித்தால் மஞ்சு கலையும்தானே என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அபி எழுந்தாள். "மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அவள் குரல் நடுங்கவில்லை. நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"காத்துக்கு எதிரா மஞ்சு அளவுக்கு மீறி ஜெயிக்கிதுன்னு போட்டிருக்கீங்க. நாங்க மஞ்சு ஆடுறவங்க எல்லாரும் எங்க ஆட்டத்த எண்ணிப் பாத்தோம். சரிக்குச் சரிதான் வருது. உங்ககிட்ட எவ்வளவு வருது மேடம்?"

"அதெல்லாம் உள் தகவல். வெளிய சொல்ல முடியாது" என்றேன்.

"சொல்லலாம்க்கா, இதுல என்ன ரகசியம் இருக்கு?" என்றார் ஜெபராஜ். "பிள்ள சரியாத்தான கேக்குது. பாண்டி, திரையில போடு."

பாண்டி போட்டான். மஞ்சும் காற்றும் மோதிய ஆட்டங்கள், நான் மாற்றுவதற்கு முன்பு. சரிக்குச் சரி. அபி சொன்னது அப்படியே இருந்தது.

பாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஏதோ பழைய டேட்டாவ எடுத்துட்டேன் போல" என்று மூட முயன்றான். என்னைக் காப்பாற்ற அவன் பொய் சொல்லத் தொடங்கியதும்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல பாண்டி, அதுதான் சரி" என்றேன். "இந்தப் பிள்ள என் மக. இவ விளையாட்ட விடணும்னுதான் குறைச்சேன்."

ஷாஜி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பிள்ளைய நாலு திட்டு திட்டியிருக்கலாமே சேச்சி? எங்கள எதுக்குத் தோக்க விட்டீங்க?"

ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஜெபராஜ் என்னை எதுவும் சொல்லவில்லை. வந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க, இன்னைக்கே பழையபடி மாத்திருவோம்" என்றார். தவறு செய்தவள் நான், கும்பிட்டது அவர்.

5. ஒரே கேள்வி

வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். "அட்டவணையில இனிமே தனியாக் கை வைக்காதீக. ஒருத்தர் மாத்துனா இன்னொருத்தர் டேட்டாவப் பாத்துச் சரின்னு சொல்லணும். எனக்கும் அதே விதிதான்" என்றார் ஜெபராஜ். அவ்வளவுதான் சொன்னார். அலுவலகத்தில் இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான் ஓர் எண்ணைச் சொன்னால், பாண்டி ஒருமுறை திரையைப் பார்த்துக்கொள்கிறான். அதில் தவறில்லை.

அன்று அபியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் ஆடுறத எத்தன நாளாம்மா பாத்துக்கிட்டிருந்த?"

"கொஞ்ச நாளா."

"நல்லா ஆடுனேனா?" என்றாள்.

ஒவ்வோர் ஆட்டமும் எங்களிடம் முழுதாகப் பதிவாகியிருக்கும். எந்த டர்னில் எந்த உயிரியை இறக்கினாள், எப்போது பொறுத்தாள், எப்போது அடித்தாள் என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஆடிய நேரத்தை மட்டும் பார்த்தேன். பொறுமையே இல்லாத பிள்ளை என்று நான் வீட்டில் சொல்லிச் சொல்லித் திட்டிய பிள்ளை, காத்திருக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே ஜெயிக்கக்கூடிய ஓர் உயிரியை வைத்து மேலே வந்திருக்கிறாள். அது என் கண் முன்னால் தரவரிசையில் இருந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நல்லா ஆடுன" என்றேன்.

"பாத்தியா?"

கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

அன்றே மஞ்சு வகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். ஷாஜி விளையாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அபி வரவில்லை. டியூஷனுக்கு ஒழுங்காகப் போகிறாள். அரையாண்டில் இயற்பியலில் தேறிவிட்டாள். நான் ஆசைப்பட்டபடிதான் எல்லாம் நடந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தானாக எதையும் சொல்வதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓர் உயிரியைக் குறைப்பதற்கு முன், அதை வைத்து ஆடுகிறவருடைய ஓர் ஆட்டத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். ஷீட்டில் வெற்றியும் தோல்வியும்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அரையாண்டு முடிந்த பிறகு, "உன் ஆட்டத்தப் பாக்கட்டுமா?" என்று அபியிடம் அனுமதி கேட்டேன். அலுவலகத்துக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே கணக்கை அழித்துவிட்டதாகச் சொன்னாள். கணக்கு அழிந்தால் ஆட்டப் பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அப்படித்தான் நாங்கள் அமைத்திருக்கிறோம். என் மகள் எப்படி ஆடினாள் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.